பெருந்தொற்றில் பூட்டிய பள்ளிக்கூடம்: கொருக்குப்பேட்டைப் பிள்ளைகளின் கணக்கு இன்னும் தீரவில்லை

வரும் 2026 மார்ச் மாதம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதப்போகும் பிள்ளைகள் யார்? கொரோனா ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது நான்காம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள். ஐந்தாம் வகுப்பை ஒரு நாள்கூட வகுப்பறைக்குப் போகாமல் முடித்தார்கள். ஆறாம் வகுப்பில் ஏறத்தாழ பாதி ஆண்டு கழிந்த பிறகுதான் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தார்கள். எழுத்துக்கூட்டி வாசிப்பதில் இருந்து பொருள் புரிந்து வாசிப்பதற்கும், கூட்டல் கழித்தலில் இருந்து பின்னத்துக்கும் ஒரு பிள்ளை நகர்கின்ற வயது அது. அந்த வயதில் விடுபட்டது எதுவோ, அது இப்போது வினாத்தாளுக்கு முன்னால் வந்து நிற்கப் போகிறது.

கொரோனாவை நாடு மறந்துவிட்டது. முகக்கவசம் போய்விட்டது, தடுப்பூசிச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. ஆனால் பிள்ளைகளின் கல்வியில் அந்தக் காலம் முடிந்துபோன செய்தி அல்ல. அன்று அரசுப் பள்ளிகள் எப்படி நடத்தப்பட்டன, எங்கே சரியாக நடந்தது, எங்கே பிள்ளைகள் கைவிடப்பட்டார்கள் என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டிய நேரம் இது. இன்னொரு தொற்று வராது என்று நம்மால் சொல்ல முடியாது. வந்தால் மீண்டும் இதே பிள்ளைகள்தான் இதே வரிசையின் கடைசியில் நிற்பார்களா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

இதைப் பொதுவாகப் பேசுவதைவிட ஓர் ஊரை வைத்துப் பேசுவது நல்லது. அதற்குக் கொருக்குப்பேட்டை போதும். சரக்கு ரயில் பாதைக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடையில் நெருங்கிக் கிடக்கும் பகுதி. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளும், ரயில்வே கேட்டில் காத்து நிற்கும் கூட்டமும் இங்கே அன்றாடக் காட்சி. சுமை தூக்குபவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், குடோன்களிலும் பட்டறைகளிலும் தினக்கூலிக்கு நிற்பவர்கள், வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் என உழைத்துச் சாப்பிடும் மக்களின் ஊர். முஸ்லிம்களும் தலித்துகளும் தெலுங்கு பேசும் குடும்பங்களும் ஒரே தெருவில், பல இடங்களில் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழ்கிறார்கள். இவர்களின் பிள்ளைகளுக்கு மாநகராட்சிப் பள்ளிதான் கல்வி, மதியச் சோறு, பகல் நேரப் பாதுகாப்பு எல்லாமே.

ஒரு கட்டடம், பல எசமானர்கள்

பெருநகர சென்னை மாநகராட்சி 280-க்கும் மேற்பட்ட பள்ளிகளை நடத்திவந்தது. கொருக்குப்பேட்டை, மாநகராட்சியின் நான்காவது மண்டலமான தண்டையார்பேட்டையில் வருகிறது. இந்தப் பள்ளிகளின் கட்டடமும் ஆசிரியர்களும் மாநகராட்சியின் கையில். எப்போது திறப்பது, எப்போது மூடுவது, என்ன பாடம், என்ன தேர்வு என்பதை முடிவு செய்வது மாநிலப் பள்ளிக் கல்வித்துறை. சத்துணவு சமூக நலத்துறையின் பொறுப்பு. தேர்தல் வந்தால் கட்டடம் தேர்தல் அதிகாரிகளிடம் போய்விடும். சாதாரண நாட்களில் இந்த ஏற்பாடு எப்படியோ ஓடிவிடுகிறது. நெருக்கடி வந்தபோது, பிள்ளையை மையமாக வைத்து யோசிக்க ஓர் அதிகாரிகூட இல்லாமல் போனார்.

2020 மார்ச் 17 முதல் பள்ளிகள் மூடப்பட்டன. ஆனால் பள்ளிக் கட்டடங்கள் சும்மா இருக்கவில்லை. ஊரடங்கில் சிக்கிய வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் மாநகராட்சிப் பள்ளிகள் தங்குமிடமாயின. நோய் பரவியபோது பல பள்ளிகள் தனிமைப்படுத்தும் மையங்களாக எடுக்கப்பட்டன. 2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தலுக்கு வாக்குச்சாவடிகளாயின. பிறகு தடுப்பூசி முகாம்கள் அங்கேயே நடந்தன. ஆசிரியர்களும் சும்மா இருக்கவில்லை. வீடு வீடாகக் கணக்கெடுப்பு, நோயாளிகளுக்குத் தொலைபேசி ஆலோசனை என்று தொற்றுத் தடுப்புப் பணிகளில் அவர்கள் ஈடுபடுத்தப்பட்டார்கள்.

இவை எல்லாம் தேவையான பணிகள்தான். அந்த நாட்களில் உயிரைப் பணயம் வைத்துத் தெருத்தெருவாக அலைந்த ஆசிரியர்களுக்கு இந்த நகரம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. நாம் சொல்ல வருவது வேறு. பள்ளிக்கூடம் என்ற கட்டடம் நகரத்தின் எல்லாத் தேவைக்கும் திறந்தே இருந்தது. யாருக்காக அது கட்டப்பட்டதோ அந்தப் பிள்ளைக்கு மட்டும் மூடியிருந்தது.

இங்கே வடசென்னைக்கே உரிய இன்னொரு சிக்கலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் பழைய வண்ணாரப்பேட்டையில் 2020 பிப்ரவரியில் தொடங்கிய தொடர் போராட்டம், தொற்றின் காரணமாக மார்ச் மாதம்தான் நிறுத்தி வைக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களில் கையில் படிவத்தோடு ஒருவர் வாசலில் வந்து நின்று குடும்ப விவரம் கேட்டால், அவர் பிள்ளையின் ஆசிரியராகவே இருந்தாலும், தாய்மார்களின் மனம் தயங்குவது இயல்பு. தில்லி மர்கஸ் விவகாரத்தை வைத்து ஒரு சமுதாயத்தையே நோய் பரப்புபவர்களாகச் சித்திரித்த ஊடகங்கள் அந்தத் தயக்கத்தை அச்சமாக மாற்றின. பள்ளிக்கும் குடும்பத்துக்கும் இடையில் இருக்க வேண்டிய நம்பிக்கை, அது மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் அடிபட்டது.

மூடியது சரி, திறந்த வரிசை சரியா?

பள்ளிகளை மூடியதையே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. 2020 மே மாதத்தில் சென்னையிலேயே அதிகத் தொற்று பதிவான மண்டலம் இராயபுரம். அடுத்த மண்டலமான தண்டையார்பேட்டையும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. பத்துக்குப் பத்து அறையில் பாட்டன், பாட்டி, பேரப்பிள்ளைகள் என ஆறு பேர் படுத்துறங்கும் வீடுகளில், பிள்ளை கொண்டுவரும் நோய் முதலில் முதியவரைத்தான் எடுக்கும். கொள்ளை நோய் பரவிய ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழியைப் பின்பற்றும் சமுதாயம் நாம். ஜும்ஆவையும், அந்த ஆண்டின் நோன்புப் பெருநாள் தொழுகையையும்கூடப் பள்ளிவாசலில் நிறைவேற்றாமல் வீடுகளில் இருந்தோம். உயிரைக் காப்பது முதல் கடமை என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை.

கேள்வி, திறந்த வரிசையைப் பற்றியது. சென்னையில் டாஸ்மாக் கடைகள் 2020 ஆகஸ்ட் 18 அன்று திறக்கப்பட்டன. செப்டம்பர் 1 அன்று வழிபாட்டுத் தலங்களும் வணிக வளாகங்களும் திறந்தன. நவம்பர் 10 அன்று திரையரங்குகள் திறந்தன. 2021 ஜனவரி 19 அன்று பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளும், பிப்ரவரி 8 அன்று ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளும் தொடங்கின. இரண்டாம் அலை வந்து மார்ச் மாதமே மீண்டும் பள்ளிகளை மூட வேண்டியதாயிற்று. மே மாதத்தில் தமிழகத்தில் ஒரே நாளில் தொற்று 36,000-ஐத் தாண்டியது. அலை ஓய்ந்த பிறகு செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறந்தார்கள். ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று.

2020 மார்ச் 17-இல் இருந்து எண்ணினால் 594 நாட்கள். பத்தொன்பதரை மாதம். பள்ளிவாசலின் கதவு முதலில் திறந்த நாளில் இருந்து எண்ணினால்கூட, சின்னப் பிள்ளையின் பள்ளிக்கூடம் திறக்க இன்னும் பதினான்கு மாதங்கள் ஆயின.

உலகம் முழுவதும் இப்படித்தான் நடந்ததா என்றால், இல்லை. டென்மார்க் 2020 ஏப்ரல் மாதமே பள்ளிகளைத் திறக்கத் தொடங்கியது. அங்கே முதலில் வந்தவர்கள் சின்னப் பிள்ளைகள். வீட்டில் தானாகப் படிக்க முடியாதவர்கள் அவர்கள்தான், அவர்களைப் பார்த்துக்கொள்ளப் பெற்றோர் வேலையை விட வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டார்கள். இதற்கு நேர் மாறாக உகாண்டா 2022 ஜனவரி வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பள்ளிகளை மூடி வைத்திருந்தது. டென்மார்க்கின் இட வசதியும் மருத்துவ வசதியும் நமக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் வரிசையைத் தீர்மானித்தது எது என்பதைக் கவனிக்க வேண்டும். நம்மிடம் அதைத் தீர்மானித்தது பொதுத்தேர்வு. தேர்வு எழுத வேண்டிய பிள்ளை முதலில் வந்தது. இன்னும் எழுத்தே கற்காத பிள்ளை கடைசியில் வந்தது.

2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்க்கப்பட்ட பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அது முதன்முதலில் வகுப்பறையில் உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பு. பழகத் தொடங்கியதும் 2022 ஜனவரியில் ஒமைக்ரான் வந்து மறுபடியும் மூடல். பிப்ரவரி 1-இல் திறப்பு. ஜூன் வந்ததும் மூன்றாம் வகுப்பு. அந்தப் பிள்ளைதான் இன்று ஆறாம் வகுப்பில் இருக்கிறது.

போன் வேலைக்குப் போய்விடும் வீடு

மூடிய காலத்தில் அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2019 ஆகஸ்டிலேயே தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி, தொற்றுக் காலத்தில் வகுப்பு வாரியாகப் பாடம் ஒளிபரப்பியது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் விலையில்லா மடிக்கணினியில் பாட வீடியோக்கள் பதிவு செய்து தரப்பட்டன. பாடநூல்கள் விநியோகிக்கப்பட்டன. ஆசிரியர்கள் பலர் வாட்ஸ்அப் குழு தொடங்கி வீட்டுப்பாடம் அனுப்பினார்கள்.

ஆனால் இவை எல்லாம் ஒரு வீட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அந்த வீட்டில் தனி டிவி உண்டு, தனி போன் உண்டு, பக்கத்தில் உட்கார்ந்து விளக்கப் படித்த தாயோ தந்தையோ உண்டு. கொருக்குப்பேட்டை வீடு அப்படியல்ல. வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன். அது அத்தாவின் சட்டைப் பையில் காலையிலேயே வேலைக்குப் போய்விடும். இரவு திரும்பி வரும்போது பேட்டரியும் இருக்காது, டேட்டாவும் இருக்காது. மூன்று பிள்ளைகள் இருந்தால் போன் முதலில் போவது பெரிய வகுப்புப் படிக்கும் பையனுக்கு. பெண் பிள்ளைக்கு முறை வரும்போது தூங்கும் நேரமாகிவிடும். தொலைக்காட்சியில் பாடம் ஓடும் அரை மணி நேரத்தில் கேள்வி கேட்க முடியாது, நிறுத்தித் திரும்பப் பார்க்கவும் முடியாது.

2021-இல் தமிழக அரசு கல்லூரி மாணவர்கள் சுமார் 9.69 லட்சம் பேருக்கு நாள்தோறும் 2 ஜிபி டேட்டா இலவசமாக வழங்கும் திட்டத்தை அறிவித்தது. நல்ல திட்டம். அதே டேட்டா ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் தேவைப்பட்டது.

2021 ஆகஸ்டில் பொருளியல் அறிஞர் ஜான் ட்ரீஸ் உள்ளிட்டோர் பல மாநிலங்களில் ஏழைக் குடும்பங்களிடையே நடத்திய ஆய்வில், நகரங்களில்கூட 24 சதவீதப் பிள்ளைகளே ஒழுங்காக இணையவழியில் படித்து வந்தது தெரிந்தது. ஊரகத்தில் அது 8 சதவீதம். அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் ஐந்து மாநிலங்களில் 16,000-க்கும் மேற்பட்ட தொடக்கநிலைப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், 92 சதவீதத்தினர் முந்தைய ஆண்டு கற்றிருந்த மொழித் திறன்களில் ஒன்றையாவது இழந்திருந்தனர். புதிதாகக் கற்காதது ஒரு பக்கம் என்றால், கற்றிருந்ததும் கையை விட்டுப் போனது மறுபக்கம்.

தமிழகத்தின் நிலை 2022 அஸெர் அறிக்கையில் வெளிப்பட்டது. மூன்றாம் வகுப்பில் படித்து, இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த பிள்ளைகள் 2018-இல் 10.2 சதவீதம். 2022-இல் 4.8 சதவீதம். நூறு பேரில் ஐந்து பேர். அதன் பிறகு நிலைமை மேம்பட்டு வருவதை 2024 அறிக்கை காட்டியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அஸெர் ஊரகப் பகுதிகளில் எடுக்கப்படும் கணக்கு. கொருக்குப்பேட்டைப் பிள்ளை அந்தக் கணக்கிலேயே இல்லை. நகரத்து ஏழைப் பிள்ளையின் இழப்பை அதே கவனத்தோடு வீடு வீடாகச் சென்று அளந்தவர்கள் இல்லை. அளக்காத இழப்புக்கு நிவாரணம் கேட்பதும் கடினம்.

தட்டில் விழுந்த சோறு

இந்தியாவில் பள்ளி மதிய உணவின் தொடக்கங்களில் ஒன்று சென்னை மாநகராட்சிப் பள்ளி. 1920-இல், பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் அது தொடங்கியது. பழைய வண்ணாரப்பேட்டையில் கல்லூரியாக நிற்பது அவர் பெயர்தான். பிறகு காமராசர் காலத்தில் மாநிலம் முழுவதும், 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது.

பள்ளி மூடியதும் அந்தச் சூடான சோறும் நின்றது. பதிலாக அரிசியும் பருப்பும் உலர் பொருளாக வழங்கப்பட்டன. பின்னர் முட்டையும் வந்தது. இது இல்லாமல் போயிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். ஆனாலும் பள்ளியில் போடும் சோறு வேறு, பையில் தரும் அரிசி வேறு. பள்ளியில் பிள்ளையின் தட்டில் விழுவது அந்தப் பிள்ளைக்கே சேரும். வீட்டுக்கு வரும் அரிசி, வேலை இழந்த குடும்பம் முழுவதற்கும் பங்காகும். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. பசித்த வீட்டில் அப்படித்தான் நடக்கும். ஆனால் வளரும் பிள்ளையின் பங்கு சுருங்கியது.

தொற்றுக்குப் பிறகு இந்தப் பாடத்தை அரசு ஓரளவு கற்றுக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு அது மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. காலையில் வேலைக்கு ஓடும் தாய்மார்களுக்கு இதன் அருமை தெரியும்.

எல்லோரும் தேர்ச்சி, பிறகு?

2020 ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தாகி அனைவரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டது. 2021-இல் ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்பினர் அனைவரும் தேர்ச்சி. ஜூன் மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் ரத்து. அந்தச் சூழலில் வேறு வழி இல்லை. பிள்ளைகளைத் தேர்வு மையத்தில் கூட்டுவது ஆபத்து. தேர்ச்சி தராமல் நிறுத்துவது அநியாயம்.

ஆனால் தேர்ச்சி தருவதோடு பொறுப்பு முடிந்துவிடவில்லை. மேல் வகுப்புக்குப் போன பிள்ளைக்குக் கீழ் வகுப்புப் பாடத்தைத் திரும்பக் கற்பிக்க நேரம் ஒதுக்க வேண்டும். 2021-இல் பள்ளி திறந்ததும் புத்தாக்கப் பயிற்சி என்ற பெயரில் சில வாரங்கள் அதற்காகத் தரப்பட்டன. 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்குமான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. இந்தக் கல்வியாண்டில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அடிப்படைத் திறனில் பின்தங்கிய மாணவர்களுக்காகத் திறன் இயக்கம் வந்திருக்கிறது. ஆறாம் வகுப்பிலும் அடிப்படை வாசிப்பு சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இது பாராட்டத்தக்க நேர்மை.

இந்த வரிசையில் விடுபட்டுப் போனவர்கள் யார் என்று பாருங்கள். 2020-இல் நான்காம் வகுப்பில் இருந்தவர்கள். எண்ணும் எழுத்தும் வந்தபோது ஏழாம் வகுப்பில் இருந்தார்கள். அது அவர்களுக்கு இல்லை. திறன் வந்தபோது பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள், அதுவும் இல்லை. இரண்டு திட்டங்களுக்கும் நடுவில் நழுவிய இந்தப் பிள்ளைகள்தான் வரும் மார்ச்சில் தேர்வு எழுதப் போகிறார்கள்.

கட்டணப் பாக்கியும் டி.சி.யும்

நம் குடும்பங்களில் பலரும் வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளைச் சிறிய மெட்ரிக் பள்ளிகளில் சேர்த்திருந்தார்கள். வேலை நின்றதும் கட்டணம் கட்ட முடியவில்லை. 75 சதவீதக் கட்டணத்தைத் தவணைகளில் வசூலிக்க 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தனியார் பள்ளிகளை அனுமதித்தது. அதையும் கட்ட முடியாதவர்கள் மாநகராட்சிப் பள்ளியை நோக்கி வந்தார்கள். இப்படி அரசுப் பள்ளிக்குத் திரும்பியவர்கள் மாநிலம் முழுவதும் லட்சக்கணக்கில். பாக்கி இருந்ததால் மாற்றுச் சான்றிதழ் கிடைக்காமல் அலைந்த பெற்றோரும் உண்டு. மாற்றுச் சான்றிதழ் இல்லாமலும் அரசுப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அரசு அறிவித்தது பலருக்கு வழி திறந்தது. மாற்றுச் சான்றிதழ் கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. இன்றும் பாக்கியைக் காட்டிச் சான்றிதழை நிறுத்தி வைத்தால், பெற்றோர் இந்தத் தீர்ப்பைச் சொல்லிக் கேட்கலாம்.

மாலை ஐந்து முதல் ஏழு வரை

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டது. ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, அதே தெருவைச் சேர்ந்த தன்னார்வலர், மாலை ஐந்து மணி முதல் ஏழு மணிக்குள் சொல்லித்தந்தார். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். தொற்றுக் காலத்தில் பள்ளிக் கல்வியில் அரசு செய்தவற்றுள் மிகச் சிறந்தது இது என்பது நம் கருத்து. போனையோ டிவியையோ நம்பாமல் மனிதரை நம்பியது அது.

ஆனால் நம் மஹல்லாக்களில் அந்த நேரத்துக்கு வேறொரு பெயர் உண்டு: மக்தப் நேரம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையிலும், மஃரிபுக்குப் பிறகும்தான் நம் பிள்ளைகள் குர்ஆன் ஓதப் போகிறார்கள். மக்தபா, இல்லம் தேடிக் கல்வியா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தால் எந்தத் தாயும் தடுமாறுவாள். நேரத்தை இடத்துக்கு ஏற்றாற்போல் மாற்றிக்கொள்வது பெரிய காரியம் அல்ல. அதைப் பேசி முடிக்க ஜமாஅத்தும் தலைமையாசிரியரும் ஒருமுறை உட்கார்ந்தால் போதும்.

பள்ளிவாசலும் கல்வியும் வேறு வேறு என்று நம் மார்க்கம் பார்க்கவில்லை. மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில்தான் அஹ்லுஸ் ஸுஃப்பா தோழர்கள் படித்தார்கள். பத்ருப் போரில் பிடிபட்டவர்களில் ஈட்டுத்தொகை தர முடியாத, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை, மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கச் சொல்லி விடுவித்தார்கள் நபிகளார் (ஸல்). அவர்கள் கற்பித்தது மார்க்கம் அல்ல, எழுத்து. கற்பித்தவர்களும் முஸ்லிம்கள் அல்லர். நெருக்கடியிலும் பிள்ளையின் எழுத்தை முன்னால் வைத்த சமுதாயம் அது.

அரசிடம் கேட்க வேண்டியவை

முதலாவது, இன்னொரு தொற்று வந்தால் தொடக்க வகுப்புகளைக் கடைசியில் வைக்கக் கூடாது. மூட வேண்டியிருந்தால் கடைசியாக மூடி, முதலில் திறக்க வேண்டிய இடம் சின்னப் பிள்ளையின் வகுப்பறை.

இரண்டாவது, தங்குமிடத்துக்கும் தனிமைப்படுத்தலுக்கும் சமுதாயக் கூடங்களையும் திருமண மண்டபங்களையும் முதலில் எடுக்க வேண்டும். பள்ளிக் கட்டடம் கடைசித் தேர்வாக இருக்கட்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு மாநகராட்சிப் பள்ளிக்கும் எழுத்து வடிவில் ஒரு நெருக்கடிக்காலத் திட்டம் இருக்க வேண்டும். எந்தப் பிள்ளையின் வீட்டில் போன் இல்லை, எந்தத் தெருவில் எந்த ஆசிரியர் நேரில் போவார், சோறு எப்படிச் சேரும் என்பது அதில் இருக்க வேண்டும். வெள்ளம் வந்தாலும் புயல் வந்தாலும் அதே திட்டம் உதவும்.

நான்காவது, நகரத்து ஏழைப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனைத் தனியாக அளந்து, மண்டல வாரியாக வெளியிட வேண்டும்.

மஹல்லா செய்யக்கூடியவை

அரசிடம் கேட்பதோடு நம் பங்கையும் எடுத்துக்கொள்ள வேண்டும். மக்தப் உஸ்தாதுக்குத் தெருவின் ஒவ்வொரு பிள்ளையையும் தெரியும். குர்ஆனைத் தடங்கலின்றி ஓதும் பிள்ளை, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் திணறுவது இன்று அரிதான காட்சி அல்ல. அந்தப் பிள்ளைக்கு அறிவு குறைவு இல்லை. ஓதலில் கிடைத்த தொடர்ச்சி தமிழில் கிடைக்கவில்லை. வாரம் ஒருநாள் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி, திணறுபவர்களின் பெயரைக் குறித்துவைத்தால் போதும். மஹல்லாவில் படித்த பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் அந்தப் பட்டியலைக் கொடுக்கலாம்.

வரும் மார்ச்சில் பொதுத்தேர்வும் ரமளானும் சேர்ந்து வருகின்றன. ஒற்றை அறை வீட்டில் படிக்க இடம் இல்லாத பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பள்ளிவாசலின் மேல்மாடியும் மதரஸா அறையும் விளக்கோடு, மின்விசிறியோடு இரவில் திறந்திருக்கட்டும். பெண் பிள்ளைகளுக்குத் தனி இடம், தனி நேரம் கட்டாயம் வேண்டும். அடுத்த வீட்டு முஸ்லிமல்லாத பிள்ளையும் வந்து உட்காரட்டும். தொற்று நாட்களில் எல்லா மதத்தவரின் உடல்களையும் சுமந்து அடக்கம் செய்தவர்கள் நம் இளைஞர்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு விளக்கைப் பகிர்வது அதைவிடக் கடினமானது அல்ல.

ரமளானில் ஜகாத் பங்கிடும்போது, பள்ளிக் கட்டணப் பாக்கியில் சிக்கியிருக்கும் ஏழைக் குடும்பங்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஏழைகளும் கடனாளிகளும் ஜகாத் பெறத் தகுதியுள்ளவர்கள் என்பது நாம் அறிந்ததே.

கடைசியாகப் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெரும்பான்மை பெற்றோர். தலைமைப் பொறுப்பு ஒரு தாய்க்கு. அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். சத்துணவு, கழிப்பறை, ஆசிரியர் பற்றாக்குறை பற்றிப் பேசுவதோடு, நாளை மறுபடியும் மூட நேர்ந்தால் நம் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வியையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். உங்கள் பிள்ளை இப்போது ஆறாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ இருந்தால், இன்று இரவே அதன் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். திணறினால் கோபிக்காதீர்கள். அது அந்தப் பிள்ளையின் குற்றம் இல்லை.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக. அவர்களுக்காகப் பேசவும் உழைக்கவும் நமக்கு ஆற்றல் தருவானாக. ஆமீன்.